ஏழடி முதலை என்று நான் சொன்ன ஓணான் சம்பந்தமாக

பெயர்: அசல் பெயர் மேல் தாளில் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் யாரும் வழி காட்ட மாட்டார்கள், கூலிங் மாமா என்று கேட்க வேண்டும். வயது: ஐம்பத்து நான்கு, பார்த்தால் நாற்பத்தைந்து என்பார்கள். தொழில்: குளிர்சாதன மெக்கானிக், முப்பத்திரண்டு வருட அனுபவம். படிப்பு: எட்டாவது வகுப்பு, ஏழாவதை இரண்டு தடவை படித்ததால் ஒன்பது வருடப் படிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். கல்யாணம் ஆகவில்லை. மூன்று பேர் என்னைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அழுதார்கள், அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை. விலாசம்: கண்ணாடி அறுக்கும் கடைக்கு மேலே மூன்றாவது மாடி, என் அக்கா வீடு.

இந்த வாக்குமூலத்தை முதலில் எழுத்தர்தான் எழுதினார். மூன்று தாளைக் கிழித்துப் போட்ட பிறகு, “அண்ணே, நீங்க சொல்றதை அப்படியே எழுதினா என் வேலை போயிடும், நீங்களே எழுதிக்குங்க” என்று பேனாவை என் கையில் கொடுத்துவிட்டார். ஆகவே வியாழக்கிழமையாகிய இன்று மாலை நான்கு மணி முதல் காவல் நிலையத்தின் முன்அறையில் மரபெஞ்சில் உட்கார்ந்து என் சொந்தக் கையெழுத்தில் எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும், கூட்டக் கூடாது, கேட்காததைச் சொல்லக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் அம்மா மூன்று தடவை சொல்லியிருக்கிறார். கூட்டாமல் எழுதுவது எனக்குப் பழகாத வேலை. ஆனாலும் நாளைக் காலை பத்து மணிக்கு முதலைப் பண்ணையிலிருந்து வண்டி வருகிறது. இந்த நிலையத்துப் பதிவேட்டில் “முதலை, சிறியது, ஒன்று” என்று எழுதியிருக்கிறது. அதை முதலை என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான் என்பதால், அது முதலை அல்ல என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பதிவைத் திருத்த முடியும் என்றும், திருத்தாவிட்டால் சட்டப்படி முதலை போக வேண்டிய இடத்துக்கு அதுவும் போய்விடும் என்றும் அம்மா சொன்னார். முதலைக் குளத்தில் எங்கள் வீட்டு ஓணான் ஒரு வாய்க்குப் பத்தாது.

மேற்படி பிராணி தாடி ஓணான் என்கிற ஜாதியைச் சேர்ந்தது. நீளம் இரண்டரை அடி. டேப் கொண்டுவரச் சொல்லி அளந்துவிட்டதால் திருத்தி எழுதுகிறேன், மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை பதினேழரை அங்குலம். நிறம் காய்ந்த மணல் மாதிரி. கழுத்தைச் சுற்றி முள்முள்ளாகத் தாடி உண்டு, கோபம் வந்தால் தாடி மட்டும் கறுக்கும். விஷம் கிடையாது. பல் உண்டு, ஆனால் யாரையும் கடித்ததில்லை. என்னை ஒரு தடவை கடித்தது, அப்போது என் விரல் கேரட் துண்டுக்குப் பக்கத்தில் இருந்தது, அது விரலின் தவறு.

இது எங்கள் வீட்டுக்கு வந்த விதம். என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், இருபத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவர். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு பின் சீட்டில் ஒரு செருப்புப் பெட்டி இருந்தது, மூடியில் ஆறு ஓட்டை போட்டிருந்தது, உள்ளே இது இருந்தது, அப்போது ஒரு சாண்தான் இருக்கும். அதன் பிறகு அத்தான் முறைப்படி பஸ் பணிமனையில் ஒப்படைத்தார். பணிமனையில் ஒரு வழக்கம் இருக்கிறது. பயணிகள் விட்டுப் போன பொருள் தொண்ணூறு நாள் அலமாரியில் இருக்கும், யாரும் வராவிட்டால் எடுத்துக் கொடுத்தவருக்கே சேரும். குடை என்றால் தொண்ணூறு நாள் பட்டினி கிடக்கும். இது கிடக்குமா? அலமாரிக்காரர் “எடுத்தவரே பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டார். அத்தான் தொண்ணூறு நாளும் ஓட்டுநர் அறை ஜன்னலோரம் வைத்து, தன் சாப்பாட்டில் இருந்த கீரையைக் கிள்ளிக் கொடுத்து வளர்த்தார். தொண்ணூற்றோராம் நாள் சீட்டுக் கொடுத்தார்கள். “கேட்பாரற்ற பொருள்: ஓணான், தாடியுள்ளது, உயிருடன், ஒன்று.” அந்தச் சீட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று அக்கா, “அது உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்” என்று வாசற்படியில் நின்றாள். அத்தான், “ஒரு வாரம்தான்” என்றார். இரண்டாவது மாதம் அதற்குக் கீரையைக் காம்பு நீக்கிப் பொடியாக நறுக்கியது அக்காதான். எனக்கு அப்படி நறுக்கிக் கொடுத்ததில்லை.

அதன் பிறகு அதற்கு வீடு கட்டியது நான். குளிர்பானக் கடையில் கழித்துப் போட்ட கண்ணாடிக் கதவுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, கம்ப்ரஸரைக் கழற்றி எறிந்துவிட்டு, படுக்க வைத்து, ஒரு முனையில் சூடு பல்பும் மேலே வெயில் போல ஒளி தரும் டியூபும் மாட்டி, சூடு கூடினால் தானாக நிற்கும்படி கருவியைத் திருப்பிப் பொருத்தினேன். ஒரு முனை முப்பத்தெட்டு டிகிரி, மறு முனை இருபத்தாறு. அது தன் இஷ்டத்துக்கு நடந்து எது வேண்டுமோ அங்கே படுத்துக்கொள்ளும். முப்பத்திரண்டு வருடம் நான் குளிர வைத்திருக்கிறேன், ஓர் உயிருக்காகச் சூடாக்கியது அதுதான் முதல் தடவை. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று எழுதினேன், அம்மா கேட்டதால் அடித்துவிட்டேன். கீழே கண்ணாடிக் கடைக்காரர் வந்து பார்த்தார். பெட்டி நன்றாக இருக்கிறது என்றார்.

மேற்படி பிராணிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆளைப் பார்த்தால் முன்னங்கால் ஒன்றைத் தூக்கி மெதுவாக வட்டம் போடும். பஸ் படியில் நின்று “போலாம் போலாம்” என்று கை காட்டுவது போலவே இருக்கும். அதனால் அத்தான் அதற்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்தார். “இத்தனை வருஷமா நல்ல கண்டக்டர் ஒருத்தன் கிடைக்கலைடா மச்சான். இவன் டிக்கெட் காசுல கை வைக்க மாட்டான்” என்பார்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். மீதிப் பாதியை ஐந்தாம் நாள் நான் மழித்தேன். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சு வரவில்லை. ஆமாம் என்றால் கண்ணை ஒரு தடவை மூடித் திறப்பார், இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அக்காவால் தனியாகத் தூக்க முடியாது என்பதால் நான் என் அறையைக் காலி செய்துவிட்டு அங்கேயே வந்துவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து அத்தானை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று கண்டக்டர் பெட்டிக்குள் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றது. எடுத்து அத்தான் மார்பில் வைத்தேன். உடம்புச் சூடு தெரிந்ததும் வயிற்றைத் தட்டையாக்கிக்கொண்டு படுத்துக் கண்ணை மூடியது. அன்று முதல் தினமும் காலை எட்டு மணிக்கு மாடிப்படி முடியும் இடத்தில் வெயில் வரும், அங்கே அத்தானை நாற்காலியில் உட்கார வைத்து, மார்பில் கண்டக்டரைப் படுக்க வைத்து, மேலே துண்டு போர்த்துவோம். அத்தானின் வலது கையை எடுத்து அதன் முதுகில் வைப்பது என் வேலை. “முள்ளு குத்துதா அத்தான்?” என்று கேட்பேன். முதல் மூன்று மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்காவது மாதம் ஒரு நாள் கண்ணை மூடித் திறந்தார். அக்கா சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பாத்திரம் எதுவும் கழுவவில்லை.

இப்போது புகார் கொடுத்தவரைப் பற்றி. அவர் இரண்டாவது மாடிக்குப் புதிதாகக் குடி வந்த மருந்துக்கடைக்காரர், சாது, தவழும் குழந்தை ஒன்று இருக்கிறது. ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறி வந்தவர், துண்டுக்கு வெளியே தொங்கிய வாலைப் பார்த்து நின்றுவிட்டார்.

“அது என்னங்க?”

“முதலைக் குட்டி” என்று சொன்னேன்.

அவர் இரண்டு படி கீழே இறங்கினார். “கடிக்காதா?”

“இது கடிக்காது. இதோட அம்மாதான் கொஞ்சம் முன்கோபி.”

“அம்மாவா? எங்க இருக்கு?”

“குளிக்கிற தொட்டியில. ஏழடி.”

அவர் துணி வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் அதே நேரத்துக்கு வாளியை எடுக்க வந்தபோது, தாய் முதலை ராத்திரி முழுவதும் பல் தேய்க்கச் சொல்லி அடம் பிடித்தது என்று சொன்னேன். அதற்கு அடுத்த நாள் அது கர்ப்பமாக இருக்கிறது என்று சொன்னேன். குழந்தைத் துணி காயப்போட அவர் தினமும் மேலே வந்தாக வேண்டும், இப்படியே தினம் ஒன்றாக ஆறு வாரம் சொன்னேன். அவர் அத்தனையும் நம்புவார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், தவழும் குழந்தை வைத்துக்கொண்டு, புகார் கொடுக்காமல் இருந்திருக்க மாட்டேன். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் இந்த நிலையத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். கயிறு, வலை, நீளக் கம்பு எல்லாம் இருந்ததாக அக்கா சொன்னாள். ஒருவர் தலையில் கவசம் போட்டிருந்தார். குளியலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். “எங்க வீட்ல குளிக்கிற தொட்டியே கிடையாதுய்யா, ஒரு பக்கெட்டுதான்” என்று அக்கா சொல்லியிருக்கிறாள். பக்கெட்டுக்குள்ளும் பார்த்தார்கள். அதன் பிறகு, முதலை என்று புகார் வந்திருக்கிறது, ஊர்வன ஒன்று இருக்கிறது, வெறுங்கையோடு போக முடியாது என்று சொல்லி, அத்தான் மார்பில் படுத்திருந்ததை வலை போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பஸ் பணிமனைச் சீட்டு பீரோவில் இருந்தது. பீரோச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அதற்கு நான் பொறுப்பு.

அன்று மதியம் முதல் அத்தான் வாயைத் திறக்கவில்லை. கரண்டியைக் கொண்டு போனால் முகம் திரும்புகிறது. தண்ணீர் மட்டும் இரண்டு மூன்று வாய். திங்கள் சாயங்காலம் நான் பக்கத்தில் உட்கார்ந்து, கண்டக்டருக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டது, காவல் நிலையத்தில் தனி அறை கொடுத்திருக்கிறார்கள், போகிறவர் வருகிறவர் எல்லாம் சல்யூட் அடிக்கிறார்கள் என்று சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இந்த ஆறு வாரத்தில் நான் சொன்னது ஒன்று விலை போகாமல் நின்றது அன்றுதான். அக்கா என்னைத் திட்டவில்லை. “நீ ஏன்டா தம்பி சும்மா இருக்க மாட்டேங்கிற” என்று மட்டும் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை இந்த நிலையத்துக்கு வந்தேன். பொருளறைக் காவலர் என்னைப் பார்த்ததும், “வாங்க கூலிங் மாமா, அறை நல்லா ஜில்லுனு இருக்கு” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பறிமுதல் பொருள் வைக்கும் அந்த அறையில் வரி கட்டாமல் கொண்டுவந்து பிடிபட்ட சாக்லேட் அறுபது பெட்டி இருக்கிறது, அது உருகக் கூடாது என்று போன மாதம் ஏசி மாட்டியதே நான்தான். வருகிறவர்கள் எல்லாம் பட்டனை அழுத்தி மாற்றிவிடுகிறார்கள் என்று காவலர் குறைப்பட்டுக்கொண்டதால், பதினெட்டு டிகிரியில் நிறுத்திப் பூட்டுப் போட்டுவிட்டு, “இனிமே நானே வந்து கெஞ்சினாலும் ஏறாது” என்று மார்தட்டிவிட்டுப் போயிருந்தேன். அந்த அறையில்தான் கண்டக்டரை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இந்த ஜாதிக்கு உடம்புக்குள் சூடு கிடையாது. வெளியே இருந்துதான் வாங்க வேண்டும். குளிரில் தின்றது செரிக்காது, அசையாது, நிறம் கறுத்துப் போகும், அப்படியே விட்டால் செத்துப் போகும்.

வேறு அறையில் வையுங்கள் என்று கேட்டேன். மற்ற அறையில் ஆட்கள் உட்காருகிறார்கள், முதலையை அங்கே வைக்க முடியாது என்றார். முதலை இல்லை, ஓணான் என்றேன். “நீங்கதானே முதலைன்னு சொன்னதா புகார்ல இருக்கு?” என்றார். பஸ் பணிமனைச் சீட்டையும் சேர்த்து மனு எழுதிக் கொடுத்தேன். அம்மா கோர்ட்டுக்குப் போயிருக்கிறார், வந்ததும் பார்ப்பார் என்றார். புதன்கிழமையும் வந்தேன். அம்மா கோர்ட்டிலிருந்து வரவில்லை. வெள்ளிக்கிழமை பண்ணை வண்டி வருகிறது என்று அன்றைக்குத்தான் சொன்னார்கள்.

இன்று காலை பத்து மணிக்கு என் கருவிப் பையோடு வந்து, ஏசியில் வாயு கசிகிறது, உள்ளே இருந்தால் மயக்கம் வரும் என்று பொருளறைக் காவலரிடம் சொன்னேன். அது பொய். அவர் தன் டிபன் பெட்டியையும் எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு முதலில் சூட்டைக் கூட்டப் பார்த்தேன். ஏறவில்லை. என் வேலை அப்படி. பிளக்கைப் பிடுங்கினால் யாராவது திரும்பச் சொருகிவிடுவார்கள் என்று, பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து ஒயரை வெட்டினேன். வெட்டியது நான்தான், வேறு யாருக்கும் சம்பந்தமில்லை, அதைத் திரும்ப இணைக்கப் பத்து நிமிடம் போதும், கூலி வேண்டாம்.

கூடையைத் தூக்கினேன். கண்டக்டர் கரித்துண்டு மாதிரி இருந்தது. கண் திறக்கவில்லை. நான் கொண்டுவந்த சூடு பல்பை மாட்ட அந்த அறையில் வேறு பிளக் இல்லை, ஏசி பிளக்கில் அது நுழையாது. ஆகவே சட்டைப் பொத்தானைக் கழற்றி அதை என் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, மேலே சட்டையையும் துடைக்கிற துணியையும் போர்த்திக்கொண்டு, சாக்லேட் பெட்டிகளில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். என் வயிற்றைப் பற்றித் தெருவில் எல்லோரும் கேலி பேசுவார்கள். இன்று அது உபயோகப்பட்டது. முதலில் ஐஸ் பையை வைத்தது மாதிரி இருந்தது. பன்னிரண்டு மணி வரைக்கும் ஒன்றும் இல்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன். அத்தான் சாப்பிடவில்லை என்று சொன்னேன். அது முதலை இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று சொன்னேன். பன்னிரண்டரை மணிவாக்கில் ஒரு நகம் வயிற்றில் கீறியது. அதன் பிறகு இன்னொன்று. குனிந்து பார்த்தேன், இடது கண் பாதி திறந்திருந்தது, முதுகில் ஓர் ஓரத்தில் மணல் நிறம் வந்திருந்தது. கீறல் மொத்தம் ஒன்பது, எழுத்தர் பார்த்து எண்ணியிருக்கிறார்.

ஏன் அதை எடுத்துக்கொண்டு ஓடவில்லை என்று அம்மா கேட்டார். ஓடியிருக்கலாம், பின்பக்க ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஓடினால் மறுபடியும் ஆறு பேர் கயிறோடு வருவார்கள், மறுபடியும் அத்தான் மார்பிலிருந்து எடுப்பார்கள். இன்னொரு தடவை அவர் அதைப் பார்க்கக் கூடாது. போனால் முன்வாசல் வழியாகத் தாளோடு போக வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மூன்றேகால் மணிக்குக் காவலர் கதவைத் திறந்தார். “என்னய்யா இது, பேக்கரி மாதிரி வாசனை அடிக்குது?” என்றார். அறுபதில் பதினான்கு பெட்டி உருகிவிட்டது. திரும்பக் குளிர வைத்தால் கெட்டியாகிவிடும், வடிவம் மட்டும் மாறும், எண்ணிக்கை மாறாது. என் கன்னத்தில் இருந்தது பெட்டியில் சாய்ந்ததால் ஒட்டியது. தின்னவில்லை. ஒரு விரல் நக்கினேன்.

அதன் பிறகு அம்மா கோர்ட்டிலிருந்து வந்து என்னை இந்த பெஞ்சில் உட்கார வைத்தார். இது வரை எழுதியதை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, “எல்லாம் சரி. ஆறு வாரம், தினமும், பயந்த மனுஷன்கிட்ட எதுக்குய்யா இந்தப் பொய்யைச் சொன்னீங்க? அதை மட்டும் எழுதவே இல்லையே” என்று கேட்டார். கேட்காததைச் சொல்லக் கூடாது என்றதால் எழுதவில்லை, இப்போது கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் நாள் நான் முதலைக் குட்டி என்று சொல்லி, மருந்துக்கடைக்காரர் இரண்டு படி கீழே இறங்கியபோது, பின்னால் நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எச்சில் புரையேறிவிட்டது என்று பயந்து ஓடிப் போய் அத்தான் முதுகைத் தடவினேன். புரையேறவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்க வாய்தான் போகும், மறு பக்கம் அப்படியே நிற்கும், ஆனால் சிரிப்பு. ஆஸ்பத்திரியில் இருந்து வந்து அது வரை அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை. அதற்கு முன்னால் நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறேன், என்னைப் பற்றிய பழைய கதை எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும், எது எவ்வளவு கூடுதல் என்றும் தெரியும், அசையவில்லை. இதற்குச் சிரித்தார். மறுநாள் எட்டு மணிக்கு நாற்காலியில் உட்கார வைத்ததும் அத்தான் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் எப்போது வருவார் என்று காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பிறகு எப்படி நான் உண்மையைச் சொல்வது? ஏழடியைக் குறைத்தால் அந்தச் சத்தமும் குறைந்துவிடுமே என்று பயம். இதுதான் காரணம். இதில் எதையும் கூட்டவில்லை.

அம்மா இதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன் பிறகு, “உரிமையாளர் நேர்ல வந்து அடையாளம் சொல்லணும். கூட்டிட்டு வர முடியுமா?” என்று கேட்டார். அக்காவுக்குப் போன் செய்தேன்.

ஐந்தே முக்கால் மணிக்கு வந்தார்கள். எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. கண்ணாடிக் கடை ஆட்கள் நான்கு பேர் மூன்று மாடியும் அத்தானை நாற்காலியோடு தூக்கி இறக்கி, கண்ணாடி கொண்டுபோகும் வண்டியில் கண்ணாடியைக் கட்டுவது போலவே மெத்தை வைத்துக் கட்டிக் கொண்டுவந்தார்கள். ஒரு குலுக்கல் இல்லை என்று அக்கா சொன்னாள். மருந்துக்கடைக்காரரும் அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். என் சட்டைக்குள்ளிருந்து நான் கண்டக்டரை வெளியே எடுத்ததும் அவர் எட்டிப் பார்த்து, “இவ்வளவுதானா?” என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. நான் அவரிடம் எல்லோர் முன்னிலையிலும், அது ஓணான், தாய் என்று ஒன்று கிடையாது, தொட்டி கிடையாது, என்னை மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். “குழந்தை பயந்துடுமேன்னுதாங்க” என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்டக்டரை அத்தான் மார்பில் வைத்தேன். அது இரண்டு எட்டு முன்னே நகர்ந்து, தாடையை அவர் கழுத்துக் குழியில் வைத்துப் படுத்துக்கொண்டது. அத்தானின் வலது கையை எடுத்து அதன் முதுகில் வைத்தேன். அக்கா பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து, மசித்த உருளைக்கிழங்கை ஒரு கரண்டி கொண்டுபோனாள். அத்தான் வாயைத் திறந்தார். எழுத்தர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஆறு கரண்டி சாப்பிட்டார். ஏழு என்று எழுத ஆசைதான், ஆறுதான்.

அதன் பிறகு அம்மா பதிவேட்டைத் திறந்து “முதலை, சிறியது” என்பதை அடித்துவிட்டு, “ஓணான், வளர்ப்பு, பதினேழரை அங்குலம், உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒயரையும் சாக்லேட்டையும் பொறுத்தவரை என் மேல் வழக்கு உண்டு, தேதி பிறகு சொல்லப்படும் என்றார். சம்மதித்தேன். கடைசியாக முறைக்காக அத்தானிடம் குனிந்து கேட்டார்.

“ஐயா, இது உங்களுடையதுதானா?”

அத்தான் கண்ணை மூடித் திறந்தார்.

“ஓணான்தானே?”

அத்தான் கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, கரண்டி பிடித்திருந்த அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, கண்டக்டரின் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கிருந்து அந்தக் கையை மெதுவாகத் தள்ளினார். வால் முடிந்த இடத்தில் நிற்கவில்லை. இன்னும் தள்ளினார். அக்கா ஓர் அடி எடுத்து வைக்க வேண்டியதாயிற்று.

“என்னங்க பண்றீங்க? எங்க தள்றீங்க என்னை?”

அவர் கை நீளும் மட்டும் நீட்டிவிட்டு, அக்காவின் கையை விட்டு, விரலால் இன்னும் போ, இன்னும் போ என்று காட்டினார். அக்கா எழுத்தர் மேஜை வரைக்கும் பின்னால் போனாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அங்கே போய் நின்றதும் அத்தான் அம்மாவைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். அதன் பிறகு அந்தச் சத்தம் வந்தது. அக்காவும் சிரித்துவிட்டாள், மருந்துக்கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா பதிவேட்டைப் பட்டென்று மூடி இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, “திருத்தியாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. இனிமே யாரும் எதையும் காட்டாதீங்க” என்றார். எழுத்தர் டேப்பை எடுத்து மேஜையிலிருந்து நாற்காலி வரைக்கும் அளந்தார். ஏழடி இரண்டு அங்குலம்.

மேலே உள்ள அனைத்தும் யார் வற்புறுத்தலும் இல்லாமல் என் கையால் எழுதப்பட்டவை. எழுத்தர் உரக்கப் படிக்க, அக்காவும் அத்தானும் பக்கத்தில் இருக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது. நான் சொன்ன அளவுகளில் தவறு இருந்தால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம். அத்தான் காட்டிய அளவை நான் திருத்த மாட்டேன்.

(ஒப்பம்)
கூலிங் மாமா